ஜூபிலி விளக்குக்கு ஒரு கையெழுத்து

ஜன்னலோரம் எனக்கு விட்டுருங்க தம்பி. காத்து முகத்துல அடிக்கலன்னா எனக்கு மூச்சு முட்டும். ஆங், அப்படி. பாளையங்கோட்டைதானே போறீங்க? நல்லதாப் போச்சு. ஒண்ணரை மணி நேரம் இருக்கு, பேசிக்கிட்டே போயிரலாம்.

இந்தாங்க, இதைப் பிடிங்க. நோட்டீஸ்தான். நானே எழுதி நானே அடிச்சது. படிச்சிட்டுச் சட்டைப்பையில வைங்க, கீழ போட்டுராதீங்க. எங்க ஊர் பஜார்ல இருவது வருஷமா இதைக் கொடுத்துக்கிட்டு வாரேன். இருவது வருஷமா அந்த மூதிகள் இதுலதான் வடை எண்ணெயை ஒத்தி எடுக்கானுவ. ஒருத்தனாவது உக்காந்து வாசிச்சிருப்பான்னு நினைக்கீங்களா? வாசிக்க மாட்டான். ஆனா சினிமா போஸ்டரை மட்டும் நின்னு நிதானமா வாசிப்பான்.

நீங்க நெத்தியில விபூதி பூசியிருக்கீங்க. அதைப் பாத்துட்டுத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன், மறைக்க என்ன இருக்கு. எனக்கு உங்ககிட்ட ஒரு காரியம் ஆகணும். ஒரு கையெழுத்து. பயப்படாதீங்க, மதம் மாறச் சொல்லுத கையெழுத்து இல்ல. இந்தா, இந்த மனுவுல கடைசியில ஒரு இடம் காலியாக் கிடக்கு பாருங்க. அங்கன உங்க பேரையும் ஊரையும் போடணும், அவ்வளவுதான். இல்ல இல்ல, உடனே போட வேண்டாம். விஷயத்தைக் கேட்டுட்டுப் போடுங்க. நான் ஒருத்தரையும் வற்புறுத்துத ஆள் இல்ல.

எம்பேரு தேவஇரக்கம். கரண்ட் ஆபீஸ்ல சூப்பரண்டா இருந்து ரிட்டயர்டு. ஊரு செம்மணல்விளை. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க கோயிலுக்கு நூத்தம்பதாவது வருஷ ஜூபிலி. எங்க பக்கம் சர்ச்சையும் கோயில்னுதான் சொல்லுவோம். பிஷப் ஐயா வாராவ. பஜார் முழுக்கப் பவனி. பவனிக்கு முன்னால ஒரு பித்தளை விளக்கு போகும். வெள்ளைக்காரத் துரை காலத்துல கோயில்ல முதமுதலா ஏத்தின விளக்கு அது. அம்பது வருஷத்துக்கு ஒருக்காத்தான் வெளிய எடுப்பாவ. போன தடவை எடுத்தப்ப எனக்குப் பதினெட்டு வயசு, பின்னால கூட்டத்துல நின்னு எட்டிப் பாத்தேன். இந்தத் தடவை அந்த விளக்கை நான் தூக்கணும். எனக்கு அறுவத்தெட்டு வயசு ஆச்சு. அடுத்த அம்பது வருஷத்துக்கு நான் இருக்க மாட்டேன். அதுக்குத்தான் இந்த மனு.

வேற யாரு தூக்க, நீங்களே சொல்லுங்க. கிறிஸ்தவன்னா நாலு பேருக்குத் தெரியணும். உள்ளுக்குள்ள விசுவாசம் இருக்கு, உள்ளுக்குள்ள பக்தி இருக்குன்னு சொல்லுதானுவல்லா, எனக்கு அவனுகளைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். உள்ளுக்குள்ள இருந்தா எவனுக்குடே தெரியும்? விளக்கைக் கொளுத்தி மூடி வைக்காதேன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. நான் மூடினதே இல்ல. நீங்க எங்க ஊருக்கு வந்து பாருங்க. பஸ்ஸை விட்டு இறங்கினதும் தெரியுத முத வீடு என் வீடுதான். காம்பவுண்டு சுவர் பூரா வசனம், ஒவ்வொரு எழுத்தும் ரெண்டடி. மாடியில சிலுவை, ராத்திரி ஆனா நீலமா எரியும், மூணு மைலுக்குத் தெரியும். காலையில நாலரைக்கெல்லாம் ஸ்பீக்கர்ல கீர்த்தனை. பஜார்க்காரப் பயலுவ அதைக் கேட்டுத்தான் முழிக்கானுவ. வெள்ளிக்கிழமை நான் உபவாசம் இருந்தா ஊருக்கே தெரியும். டீக்கடைக்காரன் கிளாஸை நீட்டினா, 'இன்னைக்கு நான் உபவாசம்'னு நாலு பேர் காதுல விழுத மாதிரிச் சொல்லிருவேன். சாட்சின்னா அது.

இப்ப அந்த விளக்கு யாருகிட்டப் போயிருக்கு தெரியுமா? மாவுமில்லுக்காரிகிட்ட.

சிரிப்பு வருதுல்லா? எனக்கும் முதல்ல சிரிப்புத்தான் வந்துது. அவ பேரு சுகிர்தம். அம்பத்தஞ்சு வயசு இருக்கும். புருஷன் செத்துப் போனான், அவன் வச்சிருந்த மாவுமில்லை இவ ஓட்டுதா. எப்பப் பாத்தாலும் தலை, புருவம், காது எல்லாம் மாவு. கோயிலுக்கு வந்தாலும் அப்படித்தான் வருவா. முத பாட்டு முடிஞ்ச பொறவுதான் வருவா, கடைசி பெஞ்சுல உக்காருவா, பிரசங்கம் தொடங்கினதும் தூங்கிருவா. குறட்டை தம்பி, குறட்டை! ஒருநாள் நான் எந்திரிச்சுப் போயித் தட்டி எழுப்பினேன். 'மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, ராத்திரி ஆஸ்பத்திரியில இருந்தேன்'னா. யாரு பேஷண்டுன்னு கேட்டா, அவளுக்குச் சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல, பஸ் ஸ்டாண்டுல பூ கட்டுத கிழவி. அந்தக் கிழவி கிறிஸ்தவளும் இல்ல. பெறகு இவளுக்கு அங்க என்ன ஜோலி?

சரி, ராத்திரி பூரா அங்கன இருந்தியே, அந்தக் கிழவிகிட்ட ஆண்டவரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னியான்னு கேட்டேன். 'அவளுக்கு வயித்தால போய்க்கிட்டே இருந்துது அண்ணாச்சி, துணி அலசவே நேரம் சரியாப் போச்சு'ங்கா. எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! படுத்த படுக்கையா, எந்திரிச்சு ஓட முடியாம ஒரு ஆத்துமா கிடக்கு. இவ துணி அலசிட்டு வந்துருக்கா. சொரணை இருக்கா பாருங்க.

அவளைத் திருத்தணும்னு நானும் பாத்தேன். தகரத்துல ஒரு போர்டு எழுதிக் கொடுத்தேன், அஞ்சடிக்கு மூணடி, சிவப்பு எழுத்து. 'மில்லு வாசல்ல மாட்டு, வாரவன் போறவன் பாப்பான்'னேன். ரெண்டு நாள் கழிச்சுப் போனா போர்டைக் காணும். எங்கன்னு கேட்டா, மேல கையைக் காட்டுதா. வாசல்ல அரைக்க வந்து நிக்க பொம்பளைகளுக்கு வெயில் அடிக்குதாம், அதனால கூரையா மாட்டிட்டாளாம்! எழுத்து கீழ்ப் பக்கமா இருக்கு. 'நிமிந்து பாத்தா தெரியும்லா அண்ணாச்சி'ங்கா. மாவு அரைக்க வந்தவ எவ தம்பி நிமிந்து பாப்பா?

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். ஆடி மாசம் ஒண்ணு செஞ்சா பாருங்க, அதைத்தான் என்னால பொறுக்க முடியல.

எங்க ஊர்ல முத்தாரம்மன் கோயில் கொடை. உங்க ஆளுக திருவிழாதான், உங்களுக்குத் தெரியாததா. மாவிளக்கு எடுக்கணும்லா? பஜார்ல இன்னொரு மில்லு இருக்கு, உங்க ஆளு மில்லு. கொடைக்கு மாவு அங்கதான் அரைப்பாவ. அன்னைக்குன்னு பாத்து அவன் மோட்டார் எரிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை, நான் வேதப்புத்தகத்தைக் கையில எடுத்துக்கிட்டு ஆராதனைக்குப் போய்க்கிட்டு இருக்கேன். இந்தச் சுகிர்தம் மில்லு திறந்து கிடக்கு! வாசல்ல மஞ்சச் சேலையா நிக்கு, முப்பது நாப்பது பொம்பளைக, ஊறின பச்சரிசியும் கையுமா. உள்ள எட்டிப் பாக்கேன். இவ சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு மில்லைக் கழுவிக்கிட்டு இருக்கா. முந்தின நாள் மிளகாய் அரைச்சாளாம். சாமிக்குப் போற மாவுல நெடி இருக்கக் கூடாதாம். மூணு தடவை கழுவிட்டா, நாலாந்தடவை ஊத்துதா. கோயில்ல மணி அடிக்கு. இவ காதுல விழலை.

விக்கிரகத்துக்கு விளக்கு வைக்க ஒரு கிறிஸ்தவச்சி மாவு அரைக்கா. அதுவும் ஓய்வுநாள்ல, ஆராதனை நேரத்துல! நேரே போனேன் எங்க ஐயர்கிட்ட. ஐயர்னா நீங்க நினைக்க ஐயர் இல்ல தம்பி, எங்க போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம். புதுசா வந்தவரு, முப்பத்திரண்டு வயசு, இன்னும் மீசை சரியா முளைக்கல. பழைய ஐயரா இருந்தா அன்னைக்கே சுகிர்தத்தை முழங்கால்ல நிறுத்தியிருப்பாரு. இவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, 'நான் போய்ப் பாக்கேன் ஐயா'ன்னாரு. போனாரு. ஆராதனை முடிஞ்ச பொறவு அங்கன அரிசி மூட்டை மேல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாராம். திரும்பி வரும்போது அங்கி பூரா மாவு. என்ன நடவடிக்கைன்னு கேட்டா, தட்டி விட்டுக்கிட்டே சிரிக்காரு. இந்தக் காலத்துப் பிள்ளைகளை ஐயராக்கினா இப்படித்தான் இருக்கும்.

அதுக்கு அடுத்த மாசம் கமிட்டியில விளக்குப் பேச்சு வந்துது. எல்லாரும் என்னையத்தான் பாத்தானுவ. நானும் வேண்டாம் வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னேன், முறைக்குச் சொல்லணும்லா. அப்ப இந்த ஐயர் எந்திரிச்சாரு. 'நம்மள்ல யாரு நல்ல சாட்சின்னு நாமளே சொல்லிக்கிட்டா எப்படி? பஜார்ல போய்க் கேப்போம். வெளிய இருக்கவங்க சொல்லட்டும்'னாரு. மத்தவனுவ மூஞ்சி எல்லாம் தொங்கிப் போச்சு. நான் மட்டும் கையைத் தூக்கி, 'அருமையான யோசனை ஐயா!'ன்னேன். ஏன் சொல்ல மாட்டேன்? பஜார்ல என்னையத் தெரியாதவன் உண்டா?

செல்போன் ரீசார்ஜ் கடையில ஒரு பெட்டி வச்சாவ. பக்கத்துல ஒரு கேள்வி எழுதி ஒட்டியிருந்துது. எங்க கோயில் ஆளுகள்ல யாரைப் பாத்து, இயேசுசாமி இப்படித்தான் இருந்திருப்பாருன்னு உங்களுக்குத் தோணுச்சு? சீட்டுல பேர் எழுதிப் போடுங்கன்னு. ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரமும் நான் காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா பஜார்ல நடந்து போனேன். எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட ஒரு பாயிண்டு ஏத்தி வச்சேன், மறந்துரக் கூடாதுல்லா. பவனிக்குன்னு ஒரு பட்டு வேட்டி எடுத்தேன், ஜிப்பா தைக்கக் கொடுத்தேன். எங்க வீட்டுக்காரி, 'முடிவு தெரியட்டும், பெறகு தைக்கலாம்'னா. 'வாயைக் கழுவு'ன்னேன்.

ஆராதனை முடிஞ்சு சபை முன்னாலயே பெட்டியைத் திறந்தாவ. ஐயர் ஒவ்வொரு சீட்டா எடுத்து வாசிக்காரு. 'மாவுமில் அக்கா.' அடுத்தது, 'மாவுமில் அம்மா.' அடுத்தது, 'பேர் தெரியாது, மாவு அரைக்கவங்க.' எனக்கு ஒண்ணும் புரியல. பஜார்க்காரனுவ ஏதோ விளையாடுதானுவன்னு நினைச்சேன். வாசிச்சுக்கிட்டே போறாரு. சலூன்கார சுடலை ஒரு பக்கம் எழுதியிருக்கான். அவன் பொண்டாட்டிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, மூணு மாசக் கைப்பிள்ளையை இவதான் மில்லுக்குள்ள தொட்டில் கட்டி வச்சிருந்தாளாம். பதினோரு நாள். மோட்டாரை நிப்பாட்டி நிப்பாட்டி ஓட்டினாளாம், பிள்ளை முழிச்சிரும்னு. கொடைக்கு அரைச்ச பொம்பளைக எழுதியிருக்காளுவ, எங்க சாமிக்குன்னு நாலு தடவை கழுவினாவன்னு. அம்மனுக்கு விளக்கு போட்டவ எழுதுதா, இயேசுசாமி இப்படித்தான் இருந்திருப்பாருன்னு! இதைக் கேட்டுக்கிட்டு என்னால எப்படி உக்காந்திருக்க முடியும்?

எனக்கா? எனக்கு ஒரு சீட்டு வந்துது. ஐயர் அதை எடுத்துப் பாத்துட்டு மடிச்சு வச்சாரு. 'வாசிங்க ஐயா, மறைக்கக் கூடாது'ன்னு நான்தான் அடம் பிடிச்சேன். வாசிச்சாரு. 'வசனம் எழுதின வீட்டு ஐயா. காலையில மட்டும் மைக் செட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லவும். வீட்டுல பரிச்சைக்குப் படிக்க பிள்ளைக இருக்கு.' சபை பூரா சிரிச்சுது. பக்கத்து வரிசையைத் திரும்பிப் பாக்கேன், எம்பொண்டாட்டி சேலையை வாயில வச்சுக்கிட்டுக் குலுங்குதா. முப்பத்தொன்பது வருஷம் அவளுக்குச் சோறு போட்டேன் தம்பி.

நான் விடல. எந்திரிச்சேன். 'இவ என்னைக்காவது ஒருத்தன்கிட்ட இயேசுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா? ஒரு நோட்டீஸ் கொடுத்திருப்பாளா?'ன்னு கேட்டேன். ஐயர் சொல்லுதாரு, 'சொல்லாமலே இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கே ஐயா'ன்னு. பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. உடனே மாவிளக்கு விஷயத்தைச் சபை நடுவுல போட்டு உடைச்சேன். 'விக்கிரகத்துக்கு மாவு அரைச்ச கையால ஜூபிலி விளக்கைத் தூக்கலாமா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க'ன்னேன்.

அவ கடைசி பெஞ்சுல இருந்து எந்திரிச்சா. அன்னைக்கும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கா, பக்கத்துல இருந்தவ தட்டி எழுப்பினா. 'விரதம் இருந்து வந்து வெயில்ல நிக்காவ ஐயா. நான் எப்படி இல்லன்னு சொல்ல? தப்புன்னா மன்னிச்சுக்கிடுங்க'ன்னா. அழுவான்னு பாத்தேன், அழல. அப்புறம் ஒண்ணு சொன்னா பாருங்க, என்னைய அப்படியே செருப்பால அடிச்ச மாதிரி. 'அந்த விளக்கை அண்ணாச்சியே தூக்கட்டும் ஐயா. அவுகளுக்கு ரொம்ப ஆசை. எனக்கு மூட்டை தூக்கித் தூக்கித் தோள்பட்டையில வலி'ங்கா.

பிச்சை போடுதா தம்பி! எனக்கு! ஒரு மாவுமில்லுக்காரி!

ஐயர் என் முகத்தைப் பாக்காரு. 'அவங்களே மனசாரக் கொடுக்காங்க, வாங்கிக்கிடுங்க ஐயா. நீங்க தூக்கினா எங்களுக்கும் சந்தோஷம்தான்'ங்காரு. நான் வாங்குவேனா? அவ வேண்டாம்னு தள்ளினதை நான் எடுக்கவா? 'எனக்கு உரிமையாக் கிடைச்சா தூக்குதேன். இவ தயவுல தூக்க மாட்டேன்'னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். வீட்டுக்கு வந்தா எம்பொண்டாட்டி அந்தப் பட்டு வேட்டியை மடிச்சுக்கிட்டே சொல்லுதா, 'அவ கொடுக்கும்போதே வாங்கியிருக்கலாம்லா. இப்ப விளக்கும் போச்சு, பேரும் போச்சு'ன்னு. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. இவ கூப்பிடவும் இல்ல.

நான் பொறாமைக்காரன்னு நீங்க நினைக்கக் கூடாது. விளக்கு எனக்கு வேணும், ஆமா. அறுவத்தெட்டு வயசு வரைக்கும் ஒருத்தன் கர்த்தருக்காக இம்புட்டுச் செஞ்சிருக்கான், ஒரு நாள், ஒரே ஒரு நாள், முன்னால நடக்கணும்னு ஆசைப்படக் கூடாதா? எனக்கு வேற என்ன இருக்கு? மகன் கனடாவுல இருக்கான், போன் பண்ணினா பேத்தி ஹலோ சொல்லிட்டு ஓடிருதா. ஆபீஸ்ல இருந்து வந்து பத்து வருஷமாச்சு, ஒருத்தன் வீட்டுப் படி ஏறல. அந்த விளக்கைத் தூக்கிட்டு நடந்தா ஊரு பாக்கும்லா. அதான்.

பாளையங்கோட்டையில பிஷப் ஐயாவோட ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்க ஒரு கிளார்க். எல்லாத்தையும் கேட்டான். நடுவுல ரெண்டு தடவை இருமினான், இல்ல சிரிச்சானோ என்னமோ. 'ஐயா, வெளிய இருக்கவங்கதான் சாட்சி சொல்லணும்னு உங்க கமிட்டியே முடிவு பண்ணியிருக்கு. உங்களுக்கும் அந்த மாதிரி வெளி ஆள் ஒருத்தர் கையெழுத்து இருந்தா மனுவைக் கொண்டாங்க, பாப்போம்'னான். ஒருத்தர் போதும்னான்.

ஒருத்தர்தானேன்னு பஜாருக்குப் போனேன். பழக்கடை ஆவுடையப்பன்கிட்டப் போய் நீட்டினேன். 'ஸ்பீக்கரை இறக்குங்க அண்ணாச்சி, ரெண்டு கையாலயும் போடுதேன்'ங்கான். போடா வெறுவாக்கலங்கெட்டவனேன்னு வந்துட்டேன். அடுத்தது சலூன். சுடலை கத்தியைத் தீட்டிக்கிட்டே கேக்கான், 'இருவது வருஷமா எனக்கு நோட்டீஸ் தாரீய. ஒருநாளாவது, உன் பிள்ளை எப்படி இருக்குன்னு கேட்டிருக்கீயளா?'ன்னு. அவன் பிள்ளைக்கு என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? நோட்டீஸ்ல பின்பக்கம் போன் நம்பர் போட்டிருக்கு, ஜெப உதவிக்கு அழைக்கவும்னு. கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். அந்த நம்பரைக் கூட வாசிக்காதவன் என்னையக் குறை சொல்லுதான்.

பஸ் ஸ்டாண்டுல அந்தப் பூக்காரக் கிழவி கூட, 'எனக்குக் கையெழுத்து தெரியாது ராசா'ன்னு பொய் சொல்லுதா. அப்ப பெட்டியில யாரு கைநாட்டு வச்சா? மையோட வந்த சீட்டு ஒண்ணு இருந்துதே! நன்றி கெட்ட ஊரு தம்பி. பன்னிகளுக்கு முன்னால முத்தைக் கொட்டின கதைதான்.

அதான் சொல்லுதேன், உங்களுக்கு எங்க ஊரு இல்ல, அந்தப் பஜார் வாடை உங்க மேல இல்ல. நெத்தியில விபூதியோட, படிச்ச ஆளா, கண்ணியமா உக்காந்து கேக்கீங்க. அம்பது நிமிஷமா நான் ஆண்டவருக்காகப் பட்ட பாட்டைத்தானே சொல்லிக்கிட்டு வாரேன்? இதைவிட ஒரு சாட்சி வேணுமா? இந்தாங்க பேனா. மூடியைக் கழட்டிட்டேன். இந்த இடத்துல. மேல டைப் அடிச்சிருக்கதை வேணும்னா வாசிச்சிக்கிடுங்க. 'இவரைப் பார்த்து, இயேசுசாமி இப்படித்தான் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.' ஐயர் கேட்ட அதே வார்த்தை, ஒரு எழுத்து மாத்தல. கீழ என் பேருக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டு வச்சிருக்கேன், நீங்க போட்ட பொறவு அழகா எழுதிக்கிடலாம்னு.

முனைஞ்சிப்பட்டி வந்துட்டா? இவன் ஒருத்தன், கண்ட கண்ட இடத்துல எல்லாம் நிப்பாட்டி ஆளை ஏத்துதான். ஏம்மா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லு, எம்மேல சாயாத. இந்த வேட்டியைப் பாரு, வெள்ளை வேட்டி. பிள்ளை காலை அந்தப் பக்கம் திருப்பு. காலுல பூரா செம்மண்ணு. நெறைமாசம் வேறயா? இந்த நிலைமையில இடுப்புல ஒண்ணு, கையில ஒரு பையி, எதுக்கும்மா இந்தக் கூட்டத்துல ஏறுதே? அடுத்த பஸ்ல வரலாம்லா.

நீங்க போடுங்க தம்பி. என்ன, எதுக்கு எந்திரிக்கீங்க? பாளையங்கோட்டை இன்னும் வரல. உக்காருங்க. அட, அந்தப் பிள்ளை நின்னுக்கிடும், சின்ன வயசுதானே. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழக்கம். தம்பி! பேனாவை வாங்கிட்டாவது எந்திரிங்க. பையை வேற வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டீங்களே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? நின்னுக்கிட்டு எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க? கூட்டம் உங்களைப் பின்னால தள்ளிக்கிட்டுப் போகுது பாருங்க. தம்பி, ஏ தம்பி!

போயிட்டாரு. சவம், இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசினது பூரா வீணாப் போச்சு.

தள்ளி உக்காரும்மா. பிள்ளையை அந்தத் தொடையில வை. மூச்சு வாங்குதா? வாங்கத்தான் செய்யும், ஏறினா. ஏம்மா, கழுத்துல மஞ்சக் கயிறு, நெத்தியில குங்குமம். நீ இந்துதானே? கையெழுத்துப் போடத் தெரியுமா? பத்தாவது படிச்சிருக்கியா? கெட்டிக்காரி! அப்ப இந்தா, இந்தப் பேனாவைப் பிடி. பயப்படாத, ஒண்ணும் இல்ல, இந்த ஒரு வரியை வாசிச்சிட்டுக் கீழ உம்பேரைப் போடு. சத்தமா வாசி. ஆங், 'இவரைப் பார்த்து', ம், 'இப்படித்தான் இருந்திருப்பார்', ஆமா, 'தோன்றியது.' சரியா வாசிச்சிட்ட. போடு.

என்ன யோசிக்க? யாரு பேரா? பேருக்கு விட்ட இடம்தான் அது, அதை நான் எழுதிக்கிடுவேன். நீ எதுக்கு அங்கன பாக்க? அவரை எதுக்குக் கையைக் காட்டுத? என்னது? இன்னொருக்கா சொல்லு. 'பேரு தெரியாது, எந்திரிச்சு இடம் கொடுத்தாவல்லா அந்த அண்ணன், அவுக பேரைக் கேட்டு எழுதுங்க, சந்தோஷமாப் போடுதேன்'னா சொல்லுத?

அடச்சீ, விவரங்கெட்ட பிள்ளை! அவரு கிறிஸ்தவரே இல்லம்மா!